கைவினைக் கிட்டாரில் பிழையும் பூண்வேலையும் – ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

தமிழில் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளாத பொருள் இனி இல்லை என்றொரு நம்பிக்கை உண்டு. சங்க காலப் பறவைகள் முதல் தொலைக்காட்சித் தொடர் மாமியார்கள் வரை எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு நூலகத்தில் ஓர் ஆய்வேடு தூசு படிந்து கிடக்கிறது. ஆயினும், மாடியறையில் உட்கார்ந்து கையாலேயே கிட்டார் செய்கிறவர், உளி வழுக்கிய அடுத்த நொடியில் ஏன் சுற்றுமுற்றும் பார்க்கிறார் என்பதை எத்துறையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அறையில் வேறு ஆள் கிடையாது என்பது அவருக்கே தெரியும். இருந்தும் பார்க்கிறார். பார்த்த பிறகு, பெயர்ந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, அங்கே சிப்பி பதித்தால் எடுப்பாக இருக்குமே என்று யோசிக்கத் தொடங்குகிறார். அந்தப் பார்வைக்கும் இந்த யோசனைக்கும் உள்ள உறவே நம் ஆய்வுப்பொருள்.

ஆய்வின் எல்லை: மரப்பெட்டிக்குள் காற்று அதிர்ந்து ஒலிக்கும் கிட்டார் மட்டுமே. மின்சாரக் கிட்டார் விலக்கப்பட்டது. அங்கே எந்தப் பிழைக்கும் ஒலிபெருக்கி மேல் பழிபோட வழியிருப்பதால் முடிவுகள் திரிந்துவிடும்.

கருதுகோள்

கிட்டாரில் அழகுக்காகச் செய்தது என்று சொல்லப்படும் எதுவும் அழகுக்காக மட்டும் செய்ததல்ல. அதன் அடியில் ஒரு மூட்டோ ஒரு வெட்டோ ஒளிந்திருக்கிறது.

சான்றுகளை முன்னிருந்து பின்னாகப் பார்ப்போம். முகப்புப் பலகையின் கனம் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர். அதில் வட்டத் துளை போட்டால் மர இழைகள் அறுபட்டு விளிம்பு பலவீனமாகும். துளையைச் சுற்றிய வண்ண வளையம் அங்கே காவல் நிற்கிறது. முகப்பும் பக்கப் பலகையும் சேரும் ஓரத்தில் இழைநுனிகள் வெளியே தெரியும், ஈரம் குடிக்கும், இடிபட்டால் பெயரும். ஓரப்பட்டை அதை அடைக்கிறது. வால்புறத்தில் இரு பக்கப் பலகைகளும் சந்திக்கும் இடத்தில் ஓர் ஆப்பு. முதுகின் நடு இணைப்பில் ஒரு கோடு. கழுத்தின் அடியில் ஒரு மூடி. தலைப்பகுதியின் முகத்தில் ஒரு மெல்லிய பலகை. ஆக, பூண்கள் ஆறு. கம்பிகளும் ஆறு. இந்த ஒற்றுமை தற்செயலானதா என்பதைப் பின்வரும் ஆய்வாளர்களுக்கு விட்டுவிடுகிறோம்.

வரலாற்றுப் பின்புலம்

மறைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மனியின் மார்க்நாய்கிர்ஷன் ஊரில், கிட்டார் செய்யும் உரிமை எங்களுக்கே என்று வயலின் செய்வோர் சங்கம் தச்சர்கள் மேல் வழக்காடியது. அலமாரி செய்கிறவனுக்கு வாத்தியம் ஒரு கேடா என்பது வாதத்தின் சாரம். அந்த ஊர்த் தச்சர் குடும்பத்தில் பிறந்த சி. எஃப். மார்ட்டின் 1833இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். முகப்பின் அடியில் பெருக்கல் குறி வடிவில் தாங்குகட்டைகள் வைக்கும் முறை 1840களில் அவர் பட்டறையில் உருவெடுத்தது. எஃகுக் கம்பிக் கிட்டார்கள் பெரும்பாலும் இன்றும் அதைத்தான் நம்பி நிற்கின்றன. நமக்கு வேண்டிய செய்தி வேறு: கிட்டார் அலமாரிக்காரர்கள் கையில் வளர்ந்த பிள்ளை. மூட்டை வெளியே காட்டாமலிருப்பது அவர்கள் தொழில்தர்மம்.

பிழைகளின் வகைப்பாடு

பிழைகளை அளவால் பிரிப்பது பாமரர் வழக்கம். எப்போது கண்ணில் படுகிறது என்பதை வைத்துப் பிரிப்பதே அறிவியல். அவ்வகையில் பிழை மூவகைப்படும்.

ஒன்று, பசைக்கு முந்திய பிழை. பக்கப் பலகை வளைத்தல் இதற்கு எடுத்துக்காட்டு. சுமார் இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்த ஈட்டிப் பலகையை நனைத்து, சூடேறிய இரும்புக் குழாய்மேல் வைத்து அழுத்த வேண்டும். முதலில் தண்ணீர் சீறும், பிறகு ஒரு வாசனை எழும். கை விறைப்பாக உணர்ந்த பலகை திடீரென்று சொன்னபடி கேட்கும். அந்த நொடிக்கு முன்னால் அவசரப்பட்டால் இடுப்பு வளைவில் ‘டப்’பென்று ஒரு சத்தம். இந்த மரத்தை இப்படி முறிப்பது சாதாரணச் செலவல்ல. பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதானதும் மார்ட்டின் நிறுவனம் 1969இல் நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் வளரும் இதே ஈட்டிக்கு மாறியது. பிரேசில் மரம் 1992இல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலுக்குப் போய்விட்டது.

முறியாமல் வளைத்தவருக்கும் ஆபத்து காத்திருக்கிறது. கிட்டாரின் உடல் கழுத்தருகே ஆழம் குறைந்தும் வால்புறம் கூடியும் இருக்கும். அதற்கேற்ப ஓர் ஓரத்தைச் சரிவாக முன்பே வெட்டிவைத்தால், இடப்பக்கமும் வலப்பக்கமும் கண்ணாடிப் பிம்பங்களாகத்தான் வளைய வேண்டும். மெய்ம்மறந்து வளைத்தவர் கையில் இரண்டு இடப்பக்கங்கள் மிஞ்சும். கச்சிதமான, ஒரு குறையும் சொல்ல முடியாத இரண்டு இடப்பக்கங்கள். பரிகாரம், இரண்டு வலப்பக்கங்களையும் வளைத்து இரண்டு கிட்டார் செய்வது. கைவினைஞரின் இரண்டாம் கிட்டார் எப்படிப் பிறக்கிறது என்ற நெடுநாள் வினா இத்துடன் தீர்கிறது.

இரண்டு, பசைக்குப் பிந்திய பிழை. கவ்வியை முறுக்க முறுக்க, ஈரப்பசைமேல் பலகை வழுக்கி இடம் மாறும். பசை ஈரமாக இருக்கும்வரை இது யார் கண்ணுக்கும் படாது. காய்ந்ததும் தெருவில் போகிறவருக்கும் தெரியும். முற்காலக் கைவினைஞர்கள் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரத்தைப் பயன்படுத்தினர். சூடும் ஈரமும் பட்டால் அது இளகி, ஒட்டியதைப் பிரிக்க விடும். தன்மேல் தனக்கே நம்பிக்கை இல்லாத ஒரு தொழிலின் ஞானம் அது.

இவ்வகைக்கு மருந்துகள் பல. ஓரப்பட்டைக்கு அருகே இடைவெளி விழுந்தால், அதே மரத்தின் தூளை அதில் திணித்து ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டு, காய்ந்ததும் உப்புத்தாள் போடலாம். ஈட்டித் தூள், கருங்காலித் தூள், ஸ்ப்ரூஸ் தூள் என்று தனித்தனியே சேமிக்க வேண்டியிருப்பதால், சமையலறையின் பழைய அஞ்சறைப் பெட்டி மாடிக்குப் போன வீடுகள் உண்டு. மென்மையான முகப்பில் கவ்வி அழுந்திப் பள்ளம் விழுந்தால் வெட்டக் கூடாது. பள்ளத்தின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர், அதன்மேல் ஈரத்துணி, துணிமேல் சூடான இஸ்திரிப் பெட்டியின் முனை. ஆவி உள்ளே இறங்கியதும், நசுங்கிய இழைகள் உப்பி மேலே வரும். பார்ப்பவருக்கு மறுபிறவியில் நம்பிக்கை வந்துவிடும்.

மூன்று, கம்பி கட்டிய பின் வெளிப்படும் பிழை. எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய எழுபது கிலோ விசையில் இழுக்கும். இதற்குமேல் எதையும் மறைத்துவைக்க முடியாது. கழுத்தின் தலைமுனையில் கம்பிகளைத் தாங்கும் ‘நட்’ என்ற எலும்புத் துண்டில் ஒரு பள்ளம் மயிரிழை ஆழமாக அறுபட்டிருந்தாலும், விரல் வைக்காத கம்பி, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடான முதல் ஃபிரெட்டில் உரசிக் கரகரக்கும். எலும்புத் தூளும் அதே ஃபெவிக்விக்கும் கொண்டு பள்ளத்தைத் தூர்த்து, அரத்தால் மறுபடி அறுக்க வேண்டும். கழுத்தின் சாய்வே தப்பாக இருந்தால் மூட்டுக்குள் ஆவி செலுத்திக் கழற்றி, சீவி, மறுபடி பொருத்த வேண்டும். இங்கே சிப்பி பதித்துப் பயனில்லை. பூண் கண்ணுக்குப் பதில் சொல்லும், காதுக்குச் சொல்லாது.

பிழையின்மை என்னும் பிழை

இந்த ஆய்வின் மையக் கண்டுபிடிப்புக்கு வருகிறோம். கம்பி நீளம் 650 மில்லிமீட்டர் என்று கொள்வோம். கணக்குப்படி பன்னிரண்டாம் ஃபிரெட் பாதியில், 325இல் அமையும். முகப்பின்மேல் கம்பிகளின் மறுமுனையைத் தாங்கும் சேடிலைச் சரியாக 650இல் வைத்தவர் நூற்றுக்கு நூறு வாங்க வேண்டியவர். ஆனால் அவருடைய கிட்டாரில் ஒவ்வொரு சுரமும் ஒரு பிசகு உயர்ந்து நிற்கும். ஃபிரெட்டில் அழுத்தும்போது கம்பி இழுபட்டு இறுக்கம் கூடுவதுதான் காரணம். ஆகவே சேடிலைச் சில மில்லிமீட்டர் பின்தள்ளி வைக்க வேண்டும். தடித்த கம்பிக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக. எஃகுக் கம்பிக் கிட்டாரின் சேடில் சாய்ந்து கிடப்பது இதனால்தான். துல்லியமாக வைத்தவர் சேடில் உட்காரும் பள்ளத்தை அதே மரத்தால் அடைத்து, தப்பான இடத்தில் புதிதாக வெட்டினால் சுருதி சேரும்.

முன்னோர் இதை வேறு வழியில் சாதித்தனர். விஞ்ஞானி கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலேயி லூட் வாத்தியக்காரர். 1581இல் வெளிவந்த தம் நூலில், மிச்சமுள்ள கம்பி நீளத்தில் பதினெட்டில் ஒரு பங்கை ஒவ்வொரு முறையும் கழித்துக்கொண்டே போனால் ஃபிரெட்டின் இடம் கிடைக்கும் என்ற கணக்கைத் தந்தார். சரியான வகுஎண் 17.817 என்பதால் பிழை படிப்படியாகச் சேர்ந்து, நம் 650 மில்லிமீட்டர் கம்பியில் பன்னிரண்டாம் ஃபிரெட் 325க்குப் பதில் 322.6இல் போய் விழும். சுரம் தாழ வேண்டும். ஆனால் விரல் அழுத்தம் அதை உயர்த்துகிறது. இரண்டு தப்பும் கைகுலுக்கிக்கொள்ள, சுருதி ஓரளவு நேரானது. கணக்குப் பிழை ஒன்று காதுக்கு இனிமையாகத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வரலாறு இது.

எதிர்வாதமும் மறுப்பும்

ஆலையில் இயந்திரம் பிசிறில்லாமல் வெட்டும் கிட்டாரிலும் இதே பூண்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். வெட்டியது யாராக இருந்தாலும் இழைநுனி இழைநுனிதான். இயந்திரத்துக்குப் பிழை இல்லாமலிருக்கலாம், மரத்துக்கு உண்டு.

அடுத்த வாதம் கனமானது. ஸ்பெயின் நாட்டு அன்டோனியோ டி டோரஸ் 1862இல் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையில் செய்து, முகப்பை மட்டும் நல்ல மரத்தில் வைத்து ஒரு கிட்டார் செய்தார். ஒலியின் உயிர் முகப்பில்தான் என்று நிறுவுவது அவர் நோக்கம். அந்தக் கிட்டார் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அட்டையே போதுமென்றால் ஈட்டியின் ஓரத்தில் விழுந்த மயிரிழை இடைவெளிக்காக ஒருவர் இரவெல்லாம் ஏன் தூள் அரைக்க வேண்டும்? காதுக்குக் கேட்காத பிழையைத்தான் அண்டை வீட்டார் கண் முதலில் காண்கிறது என்பதே எம் மறுப்பு.

முடிவுகள்

கிட்டார் என்பது திருத்தப்பட்ட பிழைகளின் தொகுப்பு. கண்ணுக்குத் தெரியும் பிழை பூணாகும். காதுக்குத் தெரியும் பிழை மறுவேலையாகும். செய்தவர் வாயைத் திறக்காதவரை முன்னது பிழையே அல்ல. “இங்கே பாருங்கள், இந்த இடத்தில் கொஞ்சம்...” என்று விரல் நீட்டிய பிறகு எந்தச் சிப்பியும் காப்பாற்றாது.

மேலாய்வுக்குரிய தலைப்புகள்

அ. மாடியறையில் திடீரென்று நிலவும் அமைதியின் நீளத்தைக் கொண்டு, கீழேயிருந்தே பிழையின் அளவைக் கணிக்கும் குடும்பத்தார் திறன்.

ஆ. “இது வேண்டுமென்றே இப்படிச் செய்தது” என்னும் தொடரின் வழக்காறுகள்.

இ. கிட்டார் செய்கிறவர்களுள் வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? இதற்குத் தரவு திரட்டுவோர் பட்டறை வாசலுக்கு வெளியே நின்று கேட்பது நலம். உள்ளே உளிகள் இருக்கின்றன.