சலவைத்தூளும் சாக்லேட்டும்

கேள்வி: விளம்பரங்களில் பெண்கள் அன்றும் துணி துவைத்தார்கள், இன்றும் துவைக்கிறார்கள். என்னதான் மாறியது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: துணி மாறவில்லை, துவைப்பவர் கொஞ்சம் மாறியிருக்கிறார். 1980களில் சர்ஃப் விளம்பரத்தில் வந்த லலிதாஜியை நினைத்துப் பாருங்கள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நம் கண்ணைப் பார்த்துக் கணக்குச் சொல்வார். விலை மலிவான சரக்கு வேறு, நல்ல சரக்கு வேறு என்று அடித்துப் பேசுவார். அவரை உருவாக்கிய விளம்பரப் படைப்பாளி அலிக் பதம்சீக்கு முன்மாதிரி, பேரம் பேசுவதில் கெட்டிக்காரியான அவருடைய அம்மா! அழகு காட்டாமல் அறிவைக் காட்டிய அந்தப் பெண்மணியை எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனாலும், அவ்வளவு விவரமானவர் கையிலும் சலவைத்தூளைத்தானே கொடுத்தார்கள்?

2015இல் ஏரியல் சலவைத்தூள் விளம்பரம், துவைப்பது பெண்களுக்கு மட்டுமான வேலையா என்று கேட்டது. நாற்பது வருஷம் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

எனக்கு ஆறாத கோபம் முகப்பூச்சு விளம்பரங்கள் மீதுதான். கறுப்பாக இருந்தால் மாப்பிள்ளை இல்லை, வேலை இல்லை என்று பிள்ளைகளை வருஷக்கணக்கில் அழ வைத்தார்கள். 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்தது 2020இல்தான்.

மனசு நிறைந்தது கேட்பரி சாக்லேட் விளம்பரத்தில். 1990களில் வந்ததில் கிரிக்கெட் ஆடும் காதலன் சிக்ஸர் அடித்தான், காதலி காவலரைத் தாண்டி ஓடி மைதானத்தில் ஆடினாள். 2021இல் அதையே திரும்ப எடுத்தார்கள். மட்டை அவள் கையில். ஆடிக்கொண்டு ஓடி வந்தது அவன்!