ஏக பல்சக்கர நிர்ணயம்

புராணங்கள் பதினெட்டு, சித்தர்கள் பதினெட்டு, சபரிமலைப் படிகளும் பதினெட்டு என்று ஆன்றோர் வகுத்துவைத்த வரிசையிலே, நான் வாங்கிய சைக்கிளும் தன் 18 கியர்களைக் கொண்டுவந்து சேர்த்தபோது, அதில் ஏதோ ஒரு தத்துவார்த்தம் பொதிந்திருக்கவேண்டும் என்றே நம்பினேன். ஆனால் மயிலாப்பூருக்கும் நுங்கம்பாக்கத்துக்குமாகப் பத்தாண்டுகள் ஆபீஸ் போய்வந்த அவ்வண்டியில், துருவின் கிருபையால் இறுதியில் எஞ்சியது ஒரே கியர் என்பதும், அந்த ஒன்றே போதுமானதாயிருந்தது என்பதும் இவ்வாராய்ச்சிக்கு வித்திட்ட பிரத்தியட்சப் பிரமாணங்கள்.

இனி அனுமானம். முன்னே 48, 38, 28 பற்களுள்ள மூன்று வட்டுகள். பின்னே 14 முதல் 28 பற்கள் வரை ஆறு. பெருக்கினால் 18 என்று விற்பவர் சொல்வது வாஸ்தவமே. ஆயினும் 48-ஐ 24-ஆல் வகுத்தாலும், 28-ஐ 14-ஆல் வகுத்தாலும் விடை 2 தானே? நன்னூலார் நூல்களுக்கு விதித்த பத்துக் குற்றங்களுள் கூறியது கூறல் இதுவே. சமதரையான சென்னையில் 28-க்கு 28 குன்றக் கூறல். 48-க்கு 14, என் முழங்காலைப் பொறுத்தவரை, மிகைபடக் கூறல்.

சப்தப் பிரமாணம் கோருவோர் பிரான்சு தேசத்தை நோக்குக. 1903-இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தோற்றுவித்த ஹென்றி தெக்ராஞ்ச், கியர் மாற்றும் கருவியை ஆண்மைக்கு இழுக்கென்று கருதியவர். அப்பந்தயத்தில் தொழில்முறை வீரர்களுக்கு அது அனுமதிக்கப்பட்டதே 1937-இல்தான். அதுவரை அவர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, இருபுறமும் பல்சக்கரம் உள்ள பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள்.

“கியர் சைக்கிள் வேணும்னு பசங்க வீட்டில சண்டை போடுற காலத்துல, நீங்க கழட்டச் சொல்றீங்களே, சார்!” என்று, ஒன்றைத் தவிர எல்லாக் கியரையும் கழற்றச் சொன்ன என்னிடம் வருந்திய சைக்கிள் கடைக்காரர், முன்னே 38-ஐ மட்டும் வைத்துக்கொண்டு, பின்னே 16 பற்களுள்ள ஒற்றை ஃப்ரீவீலை, இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் வருமாறு வாஷர் கொடுத்துப் பூட்டினார். ஒருமுறை மிதித்தால் ஏறக்குறைய 5 மீட்டர். காய்கறிப் பையோடு போகும் கிருகஸ்தனுக்கு உசிதமான வேகம். விவகாரம் செயினில்தான் வந்தது. பழைய சைக்கிளாயின் அச்சைப் பின்னுக்கு இழுத்து முறுக்கேற்றலாம். என் வண்டியிலோ அச்சுப் பள்ளம் செங்குத்தாக இருந்தது. ஒரு ஜோடிக் கண்ணியை எடுத்தால் செயின் எட்டவில்லை, விட்டால் தொங்கிற்று. முடிவில், கழற்றியெறிந்த கியர் மாற்றியையே திரும்ப அழைத்து, அசையாதபடி ஸ்குரூவை இறுக்கி, செயினை இழுத்துப் பிடிக்கும் உத்தியோகத்தில் அமர்த்தினோம். ஓய்வுபெற்ற அதிகாரிகளை ஆலோசகராக நியமிக்கும் மரபு சைக்கிளிலும் உண்டு என்பது நான் எதிர்பாராத கண்டுபிடிப்பு.

ஜெமினி மேம்பாலம் இருக்கிறதே என்று பூர்வபக்ஷி ஆட்சேபிக்கலாம். அதற்கு, இறங்கித் தள்ளுதல் என்னும் இரண்டாம் கியர் இருக்கிறது. கேபிளும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்.

கழற்றிய இரண்டு வட்டுகளும், ஆறடுக்குப் பல்சக்கரமும், கேபிள்களும் ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருக்கின்றன. வேண்டும் அன்பர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். டின் மட்டும் வீட்டில் வேண்டுமாம்.