ஸ்தபதி தேடு படலம்

சித்தூரில் ஒரு மனிதன் வீடு கட்டுவதாக உத்தேசம் கொண்டுவிட்டால், அந்த உத்தேசம் அவனுடைய சம்சாரத்தின் செவிக்கு எட்டுவதற்கு முன்பாகவே கட்டமஞ்சியிலிருந்து மிட்டூர் வரையில் பரவி, சிமெண்டுக் கடைக்காரர், போர் போடுகிறவர், கிரானைட் வியாபாரி, ஜாதகம் பார்க்கிறவர் ஆகிய சகலரும் வழியில் கண்டால் ஒரு கும்பிடு கூடுதலாகப் போடும் அந்தஸ்தை அவனுக்கு அளித்துவிடுகிறது. உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் எனக்குக் கிட்டாத இந்த மரியாதை, திருப்பதியில் சந்திரகிரி சாலைக்கு அருகே நான் வாங்கிப் போட்டிருந்த அறுபது அங்கண மனையினால் கிட்டியது. அங்கணம் என்பது திருப்பதிக் கணக்கில் ஆறடிக்கு ஆறடி, அதாவது 36 சதுர அடி. நெல்லூர்க்காரர்களுக்கோ அது 72. ஆகவே, நெல்லூர்ச் சம்பந்தியிடம் மனையின் விஸ்தீரணத்தைப் பிரஸ்தாபிக்கும்போது எங்கள் ஐசுவரியம் அவர் மனத்தில் இரட்டிப்பாவதை நான் ஒருபோதும் தடுத்ததில்லை.

வீடு கட்ட ஆர்க்கிடெக்ட் எதற்கு என்பதே எங்கள் ஊரின் பொது அபிப்பிராயம். என் தகப்பனார் கட்டமஞ்சியில் கட்டிய வீட்டுக்கு மேஸ்திரியே சர்வமும். அவர் ஒரு சுள்ளியால் மண்ணில் நாலு கோடு இழுத்தார், அப்பா அதில் ஒன்றை அழித்தார், அம்மா அதை மறுபடியும் இழுக்கச் சொன்னாள், வீடு எழும்பிவிட்டது. அந்த மேஸ்திரியின் குமாரரும் இப்போது மேஸ்திரிதான். "சார், படம் வேணும்னா யார்கிட்டயாவது போட்டுக்கங்க, செவுரு எப்படி வரணுமோ அப்படித்தான் வரும்" என்று அவர் வேதாந்தம் பேசினார். பெங்களூரில் இருக்கும் என் மகனோ, ஆர்க்கிடெக்ட் இல்லாத வீட்டில் தான் கால் வைப்பதற்கில்லை என்று தொலைபேசியில் பிரகடனம் செய்துவிட்டான். இரு கட்சிக்கும் நடுவே நியாயம் காணும் பொருட்டு, நான் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். 1972-ஆம் வருஷத்து ஆர்க்கிடெக்டுகள் சட்டப்படி, கவுன்ஸிலில் பதிவு பெறாத எவரும் அந்தப் பட்டத்தைச் சூட்டிக்கொள்ளலாகாது. ஆனால் 2020-ல் உச்ச நீதிமன்றமோ, இச்சட்டம் பட்டத்துக்குக் காவலேயன்றித் தொழிலுக்குக் காவல் அன்று என்று தெளிவுபடுத்திவிட்டது. மேஸ்திரிக்கு இத்தீர்ப்பின் சாரத்தை எடுத்துரைத்தேன். "பேரு எதுக்கு சார்?" என்று சொல்லிவிட்டு அவர் வெற்றிலையை மடித்தார்.

சாஸ்திரம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். மயமதம் என்னும் சில்ப நூல், கட்டடத் தொழிலாளரை ஸ்தபதி, சூத்ரக்ராஹி, தக்ஷகன், வர்த்தகி என நான்கு வகையாக்கி, முதல்வரான ஸ்தபதிக்கு வேண்டிய யோக்கியதாம்சங்களை ஒரு நீண்ட ஜாபிதாவாகவே தருகிறது: அவர் அங்கஹீனம் இல்லாதவராக, கணிதத்தில் தேர்ந்தவராக, சத்தியம் தவறாதவராக, தயையுள்ளவராக, பொறாமையும் பேராசையும் அற்றவராக, புலனடக்கம் உடையவராக, ஏழு வியசனங்களும் தீண்டாதவராக இருத்தல் வேண்டும். இவ்வளவு லக்ஷணமும் பொருந்திய ஒருவர் அகப்பட்டால் அவருக்கு வீடு கட்டும் வேலையைக் கொடுப்பதைவிடப் பெண்ணைக் கொடுப்பதே உசிதம் என்று என் மனைவி அபிப்பிராயப்பட்டாள். திருப்பதியில் தேவஸ்தானத்தார் சிற்பக் கல்விக்கென்றே ஒரு ஸ்தாபனம் நடத்துகிறார்கள். அந்த மரபில் பயின்ற ஒரு பெரியவரை அணுகியபோது, கோவிலில் சுவாமி அறைக்கு அறை குளியலறை கேட்பதில்லை, ஆகவே எங்களைப் போன்றவர்களின் தேவை தம் சாஸ்திரத்துக்கு வெளியே நிற்கிறது என்று அவர் மிக நயமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையில் வாழ்வதில் ஒரு சங்கடம் உண்டு. இரு திசையிலிருந்தும் நிபுணர்கள் வந்துவிடுகிறார்கள். சென்னையிலிருந்து வந்தவர் வெளிச்சத்தைப் பற்றியும் வெற்றிடத்தைப் பற்றியும் மணிக்கணக்கில் உபந்நியாசம் செய்தார். அரிசி மூட்டையை வைக்கும் இடம் எது என்று என் மனைவி வினவியதும் மௌனம் சாதித்தார். பெங்களூர்க்காரர் கம்ப்யூட்டரில் வீட்டை உள்ளும் புறமும் சுற்றிக் காட்டினார். படத்தில், பக்கத்து மனைக்காரர் எருமை கட்டும் இடத்தில் நீலமாய் ஒரு நீச்சல் குளமும், மொட்டை மாடியில் எங்கள் வம்சத்தில் யாரையும் ஒத்திராத ஒரு வெள்ளைக்காரத் தம்பதியும் காணப்பட்டார்கள். அங்கணத்தைச் சதுர மீட்டருக்கு மாற்றும் முயற்சியில் இருவருமே களைத்துப் போனார்கள்.

மூன்றாமவர் திருப்பதிக்காரர், இளைஞர், பேச்சில் சிக்கனம். படம் எதையும் அவர் கொண்டுவரவில்லை. வந்தவர் மனையில் நின்று, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தார். பிறகு, காலையில் முதலில் எழுகிறவர் யார், காப்பி எங்கே குடிப்பார், துணி எங்கே காயும், புரட்டாசியில் திருமலைக்கு வரும் உறவினர்களில் எத்தனை பேர் எங்கள் வீட்டில் தங்குவார்கள் என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். திருப்பதியில் வீடு கட்டுகிறவன் தனக்காகக் கட்டவில்லை, வேங்கடவனின் பக்தர்களான தன் உறவினர்களுக்காகவே கட்டுகிறான் என்ற ரகசியத்தை உணர்ந்த மனிதர் அவர் ஒருவரே.

ஆனால் ஆர்க்கிடெக்டைத் தேர்வதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. படுக்கையறையை அவர் பன்னிரண்டுக்குப் பதினான்கு என்று போட்டிருந்தார். மனையடி சாஸ்திரத்தில் பன்னிரண்டும் ஆகாது, பதினான்கும் ஆகாது என்று சொல்லி ஜோசியர் கையை உதறினார்; பதினொன்றுக்குப் பதினாறு என்றால் அமோகம். கட்டிலைப் போட்டபின் பீரோவின் கதவு திறக்காது என்றார் ஆர்க்கிடெக்ட். திறக்காத பீரோவில்தான் லக்ஷ்மி தங்குவாள் என்றார் ஜோசியர். இந்தச் சமயம் பார்த்து என் மைத்துனன் பிரவேசித்தான். "மாமா, சந்திரகிரி ராஜ மஹால் மாதிரி முகப்பு இருக்கணும்" என்பது அவன் கட்சி. விஜயநகர மன்னர் காலத்து அந்த மூன்றடுக்கு மாளிகை, மரம் என்பதே சேராமல் கல்லாலும் செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் கட்டப்பட்டது என்பர். தேக்கு விற்கும் விலையில் அந்த அம்சம் ஒன்று மட்டும் எனக்கு மிகவும் ரசித்தது.

என் நிலைமை சோசனீயமானது என்று எண்ணுகிறவர்கள் எங்கள் ராஜாங்கத்தின் நிலைமையைச் சற்றே ஆலோசிக்க வேண்டும். அமராவதியில் எழ வேண்டிய அரசாங்க வளாகத்துக்கு ஒரு போட்டி நடத்தி, ஜப்பானின் புமிஹிகோ மாக்கி, லண்டனின் ரிச்சர்ட் ராஜர்ஸ், அகமதாபாத்தின் பாலகிருஷ்ண தோஷி ஆகிய ஜாம்பவான்களின் நிறுவனங்களை மோதவிட்டு, 2016 மார்ச்சில் மாக்கியைத் தேர்ந்தார்கள். அவர் காட்டிய சட்டசபையைக் கண்டவர்கள், அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி மாதிரி இருக்கிறதே என்றார்கள். வருஷம் முடிவதற்குள் மாக்கி போய், நார்மன் பாஸ்டரின் நிறுவனம் வந்தது. அந்தப் படமும் மனத்துக்குப் பிடிக்காமற் போகவே, சந்திரகிரியை அடுத்த நாராவாரிப்பள்ளியில் பிறந்தவரான முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு, 2017-ல் 'பாகுபலி' எடுத்த ராஜமௌலியிடம் யோசனை கேட்கச் சொல்ல, அந்த டைரக்டரும் லண்டனுக்குப் பயணமானார். 2019-ல் ஆட்சி மாறி வேலை நின்றது. 2024-ல் மறுபடியும் மாறித் துளிர்த்தது. ஒரு ராஜ்யத்துக்கே மைத்துனன் உபத்திரவம் உண்டென்றால் அறுபது அங்கணத்துக்கு இல்லாமல் போகுமா?

பழைய காலத்திலும் இது விரைவாக நடந்த காரியம் அன்று. சென்னைச் சர்வகலாசாலையின் செனெட் மண்டபத்துக்கு 1864-லேயே படங்கள் கோரிப் பெற்று சிஷோம் துரையின் படத்தைத் தேர்ந்தார்கள். கட்டட வேலை ஆரம்பித்ததோ 1874-ல். முடிந்தது 1879-ல். இதை என் மகனுக்கு எழுதியபோது, அவன் உடனே புறப்பட்டு வந்துவிட்டான்.

தந்தையும் மகனுமாகத் திருப்பதி இளைஞர் கட்டிய வீடுகளைப் பார்க்கப் போனோம். புதிதாய்ச் சுண்ணம் பூசிய வீடுகளை நாங்கள் சீந்தவில்லை. 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களை ஆறாக்கிய அடைமழையில் நனைந்த வீடாக வேண்டும் என்று கேட்டோம். அவர் சற்றும் தயங்காமல் விலாசத்தைக் கொடுத்து, மாடிப்படிக் கூரைச் சந்தில் அப்போது ஒழுகியது, காரணம் இன்னது, அதை இப்படிச் சரி செய்தேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். வீட்டுக்கார அம்மாளைத் தனியே சமையலறையில் விசாரித்துவந்த என் மனைவி, "ஒழுகினப்போ கூப்பிட்டாங்களாம், மறுநாளே வந்து நின்னாராம்" என்றாள். பட்டம், சாஸ்திரம், கம்ப்யூட்டர்ப் படம் ஆகிய எதனாலும் தீராத பிரச்னை அதனால் தீர்ந்தது.

ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. கட்டணம் எந்தெந்தக் கட்டத்தில் எவ்வளவு, படத்தை எத்தனை முறை மாற்றலாம், வேலை நடக்கும்போது அவர் எத்தனை முறை வந்து பார்க்க வேண்டும் என்பனவெல்லாம் அதில் விவரமாக உள்ளன. மேஸ்திரிக்கு உத்தரவிடும் அதிகாரம் ஆர்க்கிடெக்டுக்கும், ஆர்க்கிடெக்டுக்கு உத்தரவிடும் அதிகாரம் என் மனைவிக்கும் அளிக்கப்பட்டிருக்கின்றன. ஜோசியரின் பெயரோ மைத்துனனின் பெயரோ எந்த ஷரத்திலும் இல்லை. சந்திரகிரி சாலைப் பக்கம் வரும் நண்பர்கள் தாராளமாக வந்து பார்க்கலாம். அபிப்பிராயத்தை மட்டும் தயவுசெய்து கிருஹப்பிரவேசத்துக்குப் பிறகு தெரிவிக்கவும்.