மாக்கட்டியும் மாத்திரையும்

உணவில் தூவி ஓர் இனத்தையே நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரையை உலக மருத்துவம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரம் கண்டுபிடித்துவிட்டது. முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றின் கறியில் ஒரு கட்டி கிடந்தது. மாத்திரை போட்டாயா என்ற கேள்விக்கு, சிங்களம் சரியாய் விளங்காத கடைக்காரர் பயத்தில் தலையாட்டியதே வாக்குமூலம். அதைப் பிடித்த வீடியோவே ஆய்வறிக்கை. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்ட பிறகு, சாவகாசமாக வந்த அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை அது வெறும் மாக்கட்டி என்றது. அதைப் பகிர எவருக்கும் விரல் நீளவில்லை. பேஸ்புக் மட்டும் 2020இல் இலங்கைக் கலவரங்களில் தன் பங்குக்கு வருத்தம் தெரிவித்தது.

வதந்தி நேற்றா பிறந்தது, 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தின்போது பேஸ்புக் இருந்ததா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் அன்றைய பொய் ஊர் ஊராக நடந்து வரவேண்டியிருந்தது, வழியில் ஒருவராவது "நீ கண்ணால கண்டியா?" என்று கேட்க அவகாசமிருந்தது. அந்த அவகாசத்தைத்தான் தொழில்நுட்பம் மிச்சப்படுத்தித் தந்திருக்கிறது. அடிபட்ட சமூகம் என்பதால் நமக்கு இந்த நோய் தொற்றாது என்றும் கல்முனையில் எவரும் நினைக்க வேண்டாம். கருஞ்சீரகத்தால் புற்றுநோயைக் கரைப்பதும், வாரத்துக்கொரு சுனாமி வரவழைப்பதும் நம் குழுமங்களில்தான் நடக்கிறது. அடியில் "கிடைத்ததை அனுப்புகிறேன்" என்று எழுதிவிட்டால் பொறுப்பும் தீர்ந்தது. ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதென்று 2019இல் வட்ஸ்அப் கட்டுப்பாடு போட்டது. ஐந்து குடும்பக் குழுமங்கள் போதாதா, கல்முனை முழுக்க?