டிஃப் ஆயில் படலம்

சாஆவில் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருப்பவருக்கு ஆலோசகர் பஞ்சமே கிடையாது. யோங் பெங்கிலிருந்து லாபிஸ் போகும் பழைய ஒன்றாம் எண் சாலையில், பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டே கடந்துவிடக்கூடிய ஊர்தான். ஆனால் காலை நேரத்தில் காப்பிக் கடையில் உட்கார்ந்து, "வண்டியில ஏதோ சத்தம் வருது" என்று முணுமுணுத்துப் பாருங்கள். நீங்கள் சொன்ன தே ஓ வருவதற்குள் நாலு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

என் மாமா அப்படித்தான் முணுமுணுத்தார்.

மாமா ஊருக்கு வெளியே கொஞ்சம் செம்பனை வைத்திருக்கிறார். குலை ஏற்ற, உரமூட்டை இறக்க, கோயில் திருவிழாவுக்கு வாழைமரம் கொண்டுவர, எல்லாவற்றுக்கும் ஒரு ஹைலக்ஸ். மினியாக் ஈத்தாம் மாற்றும் தேதி அவருக்குப் பிள்ளைகளின் பிறந்தநாளைவிட நன்றாக நினைவிருக்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் டயருக்குக் கறுப்புப் பூசுவார். முன் கண்ணாடியில் முருகன், பின் கண்ணாடியில் முனீஸ்வரன். இத்தனை கவனிப்பும் கண்ணுக்குத் தெரிகிற இடங்களுக்குத்தான். பின் சக்கரம் இரண்டுக்கும் நடுவே புடைத்துக்கொண்டு நிற்கும் அந்த இரும்பு உருண்டைக்குள் எண்ணெய் என்று ஒன்று இருப்பதை, வண்டி வாங்கிய நாளிலிருந்து அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அந்த உருண்டைதான் டிஃபரன்ஷியல். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிப் பூட்டினால் ஏதாவது ஒன்று தரையில் தேயும். இந்தச் சண்டையைத் தீர்த்து வைக்கும் பல்சக்கரக் கூட்டத்துக்கு 1827-இல் ஒனெசிஃபோர் பெக்கேர் என்ற பிரெஞ்சுக்காரர் காப்புரிமை வாங்கினார். மாமாவின் வண்டியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நடுவில் டிரான்ஸ்ஃபர் கேஸ் வேறு. மூன்றுக்கும் தனித்தனி எண்ணெய்.

2023 மார்ச் தொடக்கத்தில் ஜொகூரில் விடாமல் பெய்ததே ஒரு மழை, அதற்கு நம் வட்டாரமும் தப்பவில்லை. மாநிலம் முழுக்க 40,000 பேருக்கு மேல் துயர் துடைப்பு மையங்களில் இருந்தார்கள். 2006, 2007 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் "இது அதுக்குப் பாதிதான்" என்று பெருமையோடு சொல்லிக்கொண்டே மெத்தையை மாடிக்குத் தூக்கினார்கள். மாமாவோ மையத்துக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் ஏற்றிக்கொண்டு நடை நடையாகப் போய் வந்தார். தண்ணீர் அச்சுக்கு மேலே. கார்க்காரர்கள் ஓரத்தில் நின்று பார்க்க, ஹைலக்ஸ் அலையடித்துக்கொண்டு போனது. அந்த வாரம் முழுக்க மாமாவின் நடையே வேறு.

வெள்ளம் வடிந்தது. சில வாரம் கழித்து, வண்டி அறுபதைத் தொட்டதும் பின்னாலிருந்து "ங்ஙொய்ய்" என்று ஓர் ஓலம் கிளம்பியது. அதற்குத்தான் காப்பிக் கடை மாநாடு.

ஓய்வு பெற்ற லோரி ஓட்டுநர் ஒருவர் முதலில் தீர்ப்பு வழங்கினார். "140 ஊத்து. கெட்டியா இருந்தா சத்தம் வராது." சத்தம் வராது, உண்மைதான். கொஞ்ச நாளைக்கு. பழைய வண்டியை விற்கிறவர்களுக்கும் இந்த வித்தை நன்றாகத் தெரியும்.

முன்னாள் மண்டோர் தாத்தா அதற்கு நேர் எதிர். "90, 140 எல்லாம் தாரு மாதிரிடா. என்ஜினுக்கு ஊத்துற 40 போதும்." இங்கேதான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். என்ஜின் எண்ணெய்க்கு ஓர் அளவுகோல், கியர் எண்ணெய்க்கு இன்னோர் அளவுகோல். கியர் கணக்கில் 90 என்பது கெட்டித்தன்மையில் என்ஜின் கணக்கின் 40, 50-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். தாத்தா பயந்த அளவுக்கு அது கெட்டியே இல்லை. ஆனால் அவர் சொன்ன என்ஜின் எண்ணெய் டிஃப்புக்குள் உதவாது. அதன் காரணம் கெட்டித்தன்மை அல்ல, மருந்து. அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாமவர் இளைஞர், யூடியூப் படித்தவர். "அங்கிள், ஜிஎல்-4-ஐ விட ஜிஎல்-5 ஒரு நம்பர் கூட. அதையே வாங்கி கியர் பாக்ஸ், டிஃப் எல்லாத்துலயும் ஊத்துங்க." டிஃப்புக்கு ஜிஎல்-5 சரி. ஆனால் இது பரீட்சை மதிப்பெண் இல்லையே, ஒன்று கூடினால் உசத்தி என்பதற்கு! ஜிஎல்-5-இல் அழுத்தம் தாங்கும் மருந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. மேனுவல் கியர் பாக்ஸுக்குள் இருக்கும் பித்தளை வளையங்களுக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதனால்தான் பல கியர் பாக்ஸுகளுக்கு ஜிஎல்-4 போதும் என்று செய்தவனே எழுதி வைத்திருக்கிறான்.

எங்கே எழுதி வைத்திருக்கிறான்? டேஷ்போர்டு அறையில். அந்தப் புத்தகம் மாமாவின் வண்டியில் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல், திருநீற்றுப் பொட்டலத்துக்கும் கட்டாத சம்மனுக்கும் அடியில் பத்திரமாக இருந்தது. எடுத்து நான் வாசித்தேன். ஹைப்பாய்டு கியர் எண்ணெய், ஜிஎல்-5. அந்தக் காலத்து டொயோட்டா கையேடுகளில் ஓர் அழகான நிபந்தனை உண்டு: மைனஸ் 18 டிகிரிக்கு மேலே என்றால் 90, அதற்குக் கீழே என்றால் 80டபிள்யூ-90.

"மைனஸ் பதினெட்டா?" என்றார் மாமா. "அது நம்ம ஐஸ் பெட்டிக்குள்ளதானே இருக்கும்?"

சாஆவில் விடியற்காலை 22 டிகிரி ஆனாலே தாத்தா குல்லா போட்டுக்கொள்வார். ஆக, டபிள்யூவுக்கு முன்னால் வரும் எண் குளிர்நாட்டுக்காரன் கவலை. நமக்கு 75-ஆ 80-ஆ என்று பட்டிமன்றம் வேண்டியதில்லை. டபிள்யூவுக்குப் பின்னால் வரும் எண்ணையும் ஜிஎல் எண்ணையும் பார்த்தால் போதும்.

பட்டறைத் தவ்கே சீனர். தோட்டத்தில் வளர்ந்தவர், தமிழில் திட்டுவதற்குத் தேவையான சொற்கள் எல்லாம் வைத்திருக்கிறார். அவரிடம் வேலை கற்றுக்கொள்ளும் பையன் ஆர்வக் கோளாறில் வண்டிக்கு அடியில் புகுந்து நேரே கீழ் மூடியில் ஸ்பானரை வைத்தான். தவ்கே பாய்ந்தார். "ஆத்தாஸ் டூலு! ஆத்தாஸ் டூலு!" மேலே முதலில், என்கிறார். உருண்டைக்கு இரண்டு மூடி: எண்ணெய் ஊற்ற மேலே ஒன்று, வடிக்கக் கீழே ஒன்று. கீழ் மூடியைத் திறந்து எண்ணெயெல்லாம் வடித்த பிறகு மேல் மூடி துருப்பிடித்துத் திறக்க மறுத்தால், வண்டி அங்கேயேதான் கிடக்கும். ஊற்ற வழியில்லை, ஓட்டவும் வழியில்லை. மாமாவின் வண்டியில் மேல் மூடி அப்படித்தான் இருந்தது. துரு மருந்து அடித்து, ஸ்பானர் பிடியில் நீளக் குழாயைச் செருகி, தவ்கே தன் முழு எடையையும் அதன்மேல் போட்ட பிறகுதான் "டக்" என்று விட்டது.

அடுத்து கீழ் மூடி. நல்ல எண்ணெய் என்றால் தேன் நிறம், பழசு என்றால் கறுப்பு. மாமாவின் டிஃப்பிலிருந்து இறங்கியது சரியான தே தாரேக், நுரை உட்பட. ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த வெள்ளத்தில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகவும் மூச்சுக்குழல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிவிடும். மாமா சாப்பாட்டுப் பொட்டலம் ஏற்றிப் போன ஒவ்வொரு நடையிலும் வண்டியும் தன் பங்குக்குக் குடித்திருக்கிறது. காட்டுப் பாதை ஓட்டுகிறவர்கள் அந்த மூச்சுக்குழலில் ஒரு ரப்பர் டியூபைச் செருகி உயரத்துக்கு இழுத்துக் கட்டியிருப்பது இதற்காகத்தான். சில வெள்ளி வேலை.

மூடியில் இருந்த காந்தத்தைத் தவ்கே விரலால் வழித்து வெயிலில் காட்டினார். மை போல நைசாக இருந்தால் சாதாரணத் தேய்மானம். இதில் நெருடியது, மினுங்கியது. அவர் முகம் போன போக்கிலேயே மாமாவுக்குச் செலவு தெரிந்துவிட்டது.

அப்போது கிளம்பிய நாற்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது கெட்டுப்போன நாற்றம் அல்ல, மருந்தின் வாசனையே அதுதான். கந்தகமும் பாஸ்பரஸும். 1926-இல் பேக்கார்டு கார்களில் ஹைப்பாய்டு பல்சக்கரம் வந்தது. அதில் சிறிய சக்கரம் பெரியதன் மையத்துக்கு நேராக இல்லாமல் கீழே தள்ளி உட்காரும். வண்டி தாழ்ந்தது, ஓட்டம் அமைதியானது. ஆனால் பற்கள் உருள்வதோடு நிற்காமல் ஒன்றன்மேல் ஒன்று அழுத்திச் சறுக்க ஆரம்பித்தன. சும்மா எண்ணெய் என்றால் அந்த அழுத்தத்தில் பிதுங்கி ஓடிவிடும். கந்தகம் சூட்டில் இரும்போடு கூடி மெல்லிய படலமாகிறது. பல்லுக்குப் பதில் அந்தப் படலம் தேய்கிறது. ஒரு காலத்தில் இதற்குத் திமிங்கல எண்ணெயைக் கந்தகத்தோடு சேர்த்துக் காய்ச்சினார்கள். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதை நிறுத்தியது. திமிங்கலம் பிழைத்தது, நாற்றம் மட்டும் அப்படியே தொடர்கிறது. அத்தை அன்று மாமாவின் சட்டையைத் துவைக்கும் துணிகளோடு சேர்க்க விடவில்லை.

தவ்கே முதலில் மலிவான எண்ணெயை ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்லி, அதையும் வடித்து, பிறகு நல்லதை ஊற்றினார். அளவு பார்க்கும் கோல் எதுவும் இல்லை. சமதரையில் வண்டியை நிறுத்தி, மேல் துளையில் எண்ணெய் ததும்பி வழியத் தொடங்கியதும் நிறுத்த வேண்டியதுதான். வாஷர் புதிது. பின்னால் மூன்று லிட்டருக்கு முன்னே பின்னே பிடித்தது. ஓலம் குறைந்தது, போகவில்லை. எண்ணெய் ஊற்றினால் தேய்ந்த இரும்பு வளராது. கடைசியில் பியரிங் மாற்றித்தான் அடங்கியது. வெள்ளம் வடிந்த அந்த வாரமே பார்த்திருந்தால் எண்ணெய்க் காசோடு முடிந்திருக்கும் கதை.

காப்பிக் கடைக்காரர்களோ, தாங்கள் சொன்னதைக் கேட்காததால்தான் இவ்வளவு செலவு என்று ஒருமனதாக முடிவு கட்டிவிட்டார்கள்.

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கும். அதற்கு முன் ஒரு நாள் வண்டிக்கு அடியில் படுத்து மூச்சுக்குழலைப் பாருங்கள். அச்சு முங்கத் தண்ணீரில் போய் வந்தால், கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் அந்த வாரமே டிஃப்பைத் திறந்து பாருங்கள், மேல் மூடியை முதலில். வடித்த பழைய எண்ணெயைச் செம்பனை மரத்தடியிலோ லோங்காங்கிலோ ஊற்றாதீர்கள். சட்டப்படி அது அட்டவணைக் கழிவு, குறியீடு எஸ்டபிள்யூ 305. பட்டறையில் கொடுத்தால் டிரம்மில் சேர்த்து வைத்துக்கொள்வார்கள்.