கிளினிக் மாஸ்டர்

மகள் குதிரைக் கிளினிக்குக்குப் போகவேண்டும் என்றதும் அம்மாவின் முகம் வாடிவிட்டது. "பாவம் தம்பி, குதிரைக்கு என்ன வருத்தமாம்?"

யாழ்ப்பாணத்தில் கிளினிக் என்றால் சீனி, பிரஷர் வருத்தக்காரர்கள் கொப்பியோடு வரிசையில் குந்தியிருக்கும் இடம். இங்கே அவுஸ்திரேலியாவில், டண்டினொங்கிலிருந்து பிரின்சஸ் நெடுஞ்சாலையில் கிழக்கே போய், பக்கன்ஹாமும் தாண்டிவிட்டால் அர்த்தம் மாறிவிடும். எங்கிருந்தோ ஒரு மாஸ்டர் வருவார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் குதிரை பழக்கச் சொல்லிக்கொடுப்பார். திங்கள் விடிய அடுத்த ஊரில் நிற்பார்.

"பழக்கிறதெண்டால் ஏன் கிளினிக் எண்டு சொல்லுகினம்?" என்று கேட்ட அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போனோம்.

இந்த மாஸ்டர்மாரில் நாலைந்து பேரைப் பார்த்தாயிற்று. ஆள் மாறினாலும் அச்சு ஒன்றுதான். தலையில் அக்குப்ரா தொப்பி, அதன் விளிம்பில் மூன்று மாநிலத்துப் புழுதி. தொப்பியைக் கழற்றினால் நெற்றியில் பாதி சிவப்பு, பாதி வெள்ளை. காதோரம் மைக். யூட் வண்டிக்குப் பின்னால் குதிரை ஏற்றும் ஃபுளோட். அதற்குள் குதிரைக்கு ஒரு பக்கம், மாஸ்டருக்கு ஒரு கட்டில். இரண்டில் குதிரையின் பக்கம்தான் துப்புரவாக இருக்கும். இராச் சாப்பாடு பெற்றோல் ஷெட்டில் வாங்கிய மீற் பை.

எங்கள் காலத்து ரியூஷன் மாஸ்டர்மார் திங்கள் நல்லூர், செவ்வாய் சாவகச்சேரி, புதன் பருத்தித்துறை என்று மோட்டார் சைக்கிளில் பறப்பார்களே, அதே வர்க்கம். ஒரேயொரு வித்தியாசம். அவர்கள் பிள்ளையைத் திட்டுவார்கள். இவர்கள் பெற்றாரைத் திட்டுவார்கள். குதிரையில் ஒருநாளும் பிழை கிடையாது.

குதிரையோடு வருபவர்கள் எட்டோ பத்தோ பேர். வேலியோரம் சொந்தக் கதிரையைப் போட்டுப் பார்ப்பவர்களுக்கும் கட்டணம் உண்டு, கொஞ்சம் குறைவு. நாங்கள் கதிரைக் கோஷ்டி. முதல்நாள் ஒருவரும் ஏறக்கூடாது. 12 அடிக் கயிற்றின் ஒரு நுனியில் குதிரை, மறுநுனியில் அதற்குக் கடன் கட்டுபவர். கயிற்றை மெல்ல இறுக்கவேண்டும். குதிரை ஓரடி எடுத்துவைத்த கணமே தளர்த்திவிடவேண்டும். இறுக்கும்போது அல்ல, தளர்த்தும்போதுதான் அது படிக்கிறதாம்; சுணங்கித் தளர்த்தினால் பிழையான பாடத்தைப் படித்துவிடுமாம். தளர்த்தியபின் உதட்டை நக்கி, வெறும் வாயை மென்றால் அதன் மனம் ஆறிவிட்டது என்று பொருளாம். மைக்கில் காலை முழுக்க இரண்டே சொற்கள்: "பிரஷர்... ரிலீஸ்... பிரஷர்..."

"நான் அப்பவே சொன்னன்," என்றார் அம்மா. "குதிரைக்குப் பிரஷர்."

கேள்வி கேட்டால் இவர்களிடம் நேரே பதில் வராது. தன் குதிரை ஃபுளோட்டில் ஏறமாட்டேன் என்கிறது என்றாள் ஒரு பெண். மாஸ்டர் குதிரையைப் பார்க்கவேயில்லை. "நீ காலையில் அவசரப்பட்டு வெளிக்கிட்டாயா?" என்றார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பத்து நிமிடத்தில் விவாகரத்து, வீட்டுக்கடன் எல்லாம் மணலில் கொட்டுண்டது. கிளினிக் என்ற பெயர் அவ்வளவு பிழையில்லை என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

தொழில் பழையது. 1858 இல் ஒஹாயோக்காரர் ஜோன் ரேரி லண்டனுக்குப் போய், ஆளுக்கு 10 கினி வாங்கி, வித்தையை வெளியே விடமாட்டோம் என்று வாக்கும் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். விக்டோரியா இராணி முன்னாலும் செய்து காட்டினார். எங்கள் பக்கத்தில்தான் ஆள் வாய்க்கவில்லை. பாண்டியநாட்டு அரசன் ஆண்டுக்கு 2,000 குதிரைக்குமேல் வாங்குவான், ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சாது, பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை, தெரிந்தவரை வியாபாரிகள் வரவிடுவதுமில்லை என்று மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். வியாபாரம் படுத்துவிடுமே! ஒரேயொரு தடவை சிவபெருமானே குதிரைச் சேவகனாக மதுரைக்கு வந்தார். அவர் கொண்டுவந்த குதிரைகளும் இரவோடிரவாக நரியாகிவிட்டன.

தேநீர் இடைவேளையில் மாஸ்டர் மைக்கை நிறுத்த மறந்துபோனார். போனில் மனைவி. அவர் பக்கத்துப் பேச்சு மட்டும் ஒலிபெருக்கியில் வந்தது. "ஓம்... ஓம்... அடுத்த கிழமை கட்டாயம்... இல்லை, அதற்கடுத்த கிழமை... ஓம், வேலி தெரியும்... அந்தக் குட்டிக் குதிரையை வந்து பழக்குகிறேன்... மூன்று வருஷமா? மூன்று வருஷமா ஆகிவிட்டது?" குதிரைகள்கூடக் காதை நிமிர்த்தின. பிரஷர் நன்றாகத் தெரிந்தது. ரிலீஸ் தெரியவில்லை.

அம்மா எழுந்துபோய் அவரிடம் இடியப்பமும் சம்பலும் கொடுத்தார். கண்ணில் நீர் வழிய வழியச் சாப்பிட்டார் மனுஷன். உறைப்பு என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

செவ்வாய்க்கிழமை டண்டினொங்கில் அம்மாவின் சொந்தக் கிளினிக். அது முடிந்தால் சந்தை. 1866 இலிருந்து நடக்கும் சந்தை. ஒருகாலத்தில் ஆடு மாடும் விற்ற ஊரில் அம்மா கத்தரிக்காய் வாங்குவார். டொக்டர் கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்தார். அம்மா விறைத்துப்போய்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தார். டொக்டர் காற்றைத் திறந்துவிட்டார்.

அம்மா உதட்டை நக்கினார். பிறகு வெறும் வாயை இரண்டுதரம் மென்றார்.