போட்டுட்டீங்களா?

ராத்திரி பத்தே முக்காலுக்குப் போன் அடித்தால் இரண்டே காரணம்தான். உறவில் யாரோ போய்ச் சேர்ந்திருப்பார்கள். இல்லையென்றால் அன்று மாதத்தின் இரண்டாவது செவ்வாய். முதலாவது என்றால் விடிந்ததும் பஸ் பிடித்துப் போய், ஒரு மாலையோடு முடித்துக்கொள்ளலாம். இரண்டாவதற்கு முடிவே கிடையாது.

“தம்பி, தூங்கிட்டீங்களா? ஒண்ணுமில்ல. பதினொண்ணு போட்டுட்டீங்களா?”

பதினொன்று என்றால் விண்டோஸ் 11. நான் போட்டு வருஷக்கணக்கில் ஆகிறது. போட்ட அன்றைக்கே அவரிடம் சொன்னேன். அடுத்த மாதமும் சொன்னேன். ஆனால் அவர் கேட்பது தெரிந்துகொள்வதற்காக இல்லை. மூலநோய்க்காரர் ஒருவர் இன்னொரு மூலநோய்க்காரரைக் கண்டதும் விசாரிப்பாரே, அந்த மாதிரி ஒரு விசாரிப்பு.

ஏன் இரண்டாவது செவ்வாய் என்றால், மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திர அப்டேட்டுகளை அன்றுதான் வெளியிடுகிறது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணி, நமக்கு ராத்திரி பத்தரை. அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளும் குளிர்காலத்தில் பதினொன்றரை. செவ்வாய்க்கிழமை ஊறுகாய் ஜாடியைக்கூடப் புதிதாகத் திறக்காத மனுஷர், அன்றைக்கு மட்டும் விழித்திருந்து, வந்துவிட்டதா என்று பார்த்து, பதினொன்று இன்னும் காத்திருக்கிறது என்பதை உறுதி செய்துகொண்டு, அதைப் போடாமல், என்னைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார். அப்புறம் நான்தான் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். அதனால் அறிமுகம் வேண்டாம். நான் குறிப்பிட்டு யாரையும் சொல்லவில்லை. முக்கியமாக என் சகலையைச் சொல்லவில்லை. அவர் இந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவர்.

இவர்களை விவரம் போதாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. போட்டவனைவிடப் போடாதவருக்குத்தான் விவரம் அதிகம். நானெல்லாம் பொத்தானை அழுத்திவிட்டுக் காபி குடிக்கப் போனவன். டி.பி.எம். 2.0 என்று ஒன்று இருப்பதே இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரகசியச் சாவிகளைப் பூட்டிவைக்கிற பாதுகாப்பு ஏற்பாடாம் அது. அது இல்லாத மிஷினில் பதினொன்றை ஏற்ற மைக்ரோசாஃப்ட் சம்மதிக்காதாம். ராம் 4 ஜி.பி., இடம் 64 ஜி.பி. இருந்தாக வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. சம்பந்தம் பேசப் போகிறவர்கள்கூட மூன்று தலைமுறைக்கு மேல் விசாரிப்பதில்லை. இவருடைய மிஷினுக்கு எல்லாப் பொருத்தமும் இருக்கிறது என்று மைக்ரோசாஃப்டின் சோதனைச் செயலியே பச்சை டிக் போட்டுக் காட்டிவிட்டது. மாதம் ஒரு தடவை அதை ஓடவிட்டு அந்தப் பச்சையைப் பார்த்துக்கொள்வார். அதோடு சரி.

கேட்பதுதான் இவருடைய வேலை. வேலையை எப்போது தொடங்கினார் என்பதைச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 11 வெளிவந்தது 2021 அக்டோபர் 5. அந்த மாதம்தான் நாட்டின் தடுப்பூசிக் கணக்கு 100 கோடி டோஸைத் தொட்டது. ஊரே ஒருவரை ஒருவர் “போட்டுட்டீங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம். இவரும் கிளம்பினார். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்தான் முதல் போணி.

“சார், போட்டுட்டீங்களா?”

“ஓ, ரெண்டும் போட்டாச்சே.”

“சூடாகுதா?”

“அன்னிக்கு ராத்திரி லேசா சூடு இருந்துச்சு. காலையில சரியாப் போச்சு.”

“வேகம் குறைஞ்சிருக்கா?”

“ரெண்டு நாள் அசதிதான். இப்ப பழையபடி நடக்குறேன்.”

இவர் வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து எழுதினார்: “முதல் நாள் சூடு. இரண்டு நாள் மந்தம். பிறகு சரி.” ஆறு மாதம் கழித்துத்தான் தலைமையாசிரியர் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது என்பது தெரியவந்தது. அதற்காக அந்தக் குறிப்பை அடித்துவிடவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார்.

நோட்டு என்றேன் இல்லையா. நாற்பது பக்க நோட்டு. பெயர், மிஷின், போட்ட தேதி, குறை என்று ஸ்கேல் வைத்து நாலு பத்தி கோடு போட்டிருக்கிறார். அவர் குளிக்கப் போயிருந்தபோது ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். ஜெராக்ஸ் கடைப் பையன், கேஸ் ஏஜென்சி பெண், பேரனின் டியூஷன் டீச்சர், பல் டாக்டர் (வாய்க்குள் கருவி இருக்கும்போதே கேட்டிருக்கிறார்) என்று வரிசையாக இருக்கிறார்கள். என் பெயர் மூன்று இடத்தில் இருந்தது. கடைசிப் பத்தியில் எனக்கு எதிரே, “நன்றாக இருக்கிறது என்கிறார். நம்ப முடியாது.”

யார் என்ன பதில் சொன்னாலும் முடிவு ஒன்றுதான் என்பதே இந்தக் கணக்கின் விசேஷம். நன்றாக ஓடுகிறது என்றால், “உங்க மிஷின் புதுசு, ஓடத்தான் செய்யும்.” பிரிண்டர் தகராறு செய்கிறது என்றால், “பாத்தீங்களா, இதுக்குத்தான் சொன்னேன்.” இன்னும் போடவில்லை என்றால் கையைப் பிடித்துக்கொள்வார்: “நீங்களும் பாக்குறீங்க இல்ல?” அது என்ன விண்டோஸ் என்று கேட்டவரை மட்டும் கொஞ்ச நேரம் பொறாமையோடு பார்ப்பார்.

போன வருஷம் ஒரு கேத வீட்டுக்குப் போயிருந்தோம். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி. இறந்தவரின் பேரன் பெங்களூரில் ஐ.டி.யில் இருப்பவன், கண் சிவந்து, தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். இவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டார். ஆறுதல் சொல்கிறார் என்று நானும் நம்பினேன். பையன் என்னவோ சொல்ல, இவர் தலையாட்டினார். பறை ஓங்கிவிட்டது, பாடை பின்னிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து என் காதில் சொன்னார்: “சகல, இவங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் போட்டுட்டாங்களாம். ஆனா ஆபீஸ் மிஷின் வேற, நம்ம மிஷின் வேற.”

சரி, என் சகலைதான். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவர் கையில் ஒரு தராசு இருக்கிறது. போட வேண்டும் என்கிற தட்டில் 2017ஆம் வருஷத்தை வைப்பார். மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் ஓட்டையை அடைத்து அப்டேட் கொடுத்துவிட்டது. அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தவர்கள்தான் மே மாதம் வான்னாக்ரை என்கிற கம்ப்யூட்டர் கிருமி வந்தபோது மாட்டினார்கள். பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர்கள் பூட்டிக்கொண்டு ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. போடக் கூடாது என்கிற தட்டில் 2018 அக்டோபர். அப்போது வந்த பெரிய அப்டேட் சிலருடைய டாக்குமெண்டுகளையே அழித்துவிட்டதால் சில நாளிலேயே நிறுத்திவைத்தார்கள். அதன் மேல் 2024 ஜூலை 19ஐயும் வைப்பார். பாதுகாப்பு மென்பொருள் ஒன்றின் அப்டேட் தப்பாகப் போய், உலகம் முழுக்க 85 லட்சம் மிஷின்கள் நீலத்திரையோடு நின்று, நம் ஏர்போர்ட்டுகளில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்களே, அது. அது விண்டோஸ் அப்டேட்டே இல்லையே அண்ணே என்றால், “அப்டேட்தானே?” என்பார். தட்டுகள் சமமாக நின்றவுடன் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். கடைக்காரன் யாரும் தராசு முள் நடுவில் நின்றதைக் கொண்டாடிவிட்டுச் சரக்கைக் கொடுக்காமல் அனுப்புவதில்லை.

மற்ற பழக்கங்களும் உண்டு. சுவிட்சுக்கு மேல் ‘அணைக்காதே’ என்று சீட்டு ஒட்டியிருப்பது, ஸ்டார்ட் பொத்தானை நடுவில் கொண்டுபோய் வைத்தவனைத் திட்டுவது. அதை இடப்பக்கம் நகர்த்திக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். சந்தோஷப்படவில்லை, ஒரு காரணம் குறைந்துவிட்டதே என்று வருத்தப்பட்டார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். 2010இல் எக்ஸ்.பி.யிலிருந்து ஏழுக்கு மாறினார். அந்த இரண்டுக்கும் நடுவே நேர்வழி கிடையாது, புதிதாகத்தான் நிறுவ வேண்டும். வேலைக்கு வந்த பையனிடம், “எல்லாத்தையும் டி டிரைவ்ல போட்டுட்டீங்களா?” என்று கேட்டிருக்கிறார். “போட்டாச்சு சார்.” பாட்டையும் கல்யாண போட்டோக்களையும் போட்டிருந்தான். மை டாக்குமெண்ட்ஸைப் போடவில்லை. அவருடைய அப்பா சொல்லச் சொல்ல, யூனிகோட் வருவதற்கு முந்தைய ஏதோ ஒரு எழுத்துருவில், ஒற்றை விரலால் அடித்துவைத்த ஊர்க்கதை அதில் இருந்தது. அறுபது பக்கம் இருக்கும். அப்பா அதற்கு முந்தின வருஷம்தான் தவறியிருந்தார். அன்றைக்கு அவர் ஒரே ஒரு ஆளை, ஒரே ஒரு தடவைதான் கேட்டார்.

நியாயம்தான். ஆனால் அந்தப் பையன் செய்ததற்கு நான் ஏன் 48 செவ்வாய்க்கிழமை தூக்கம் கெட வேண்டும்? இதைச் சிரிப்பாகச் சொல்ல வரவில்லை. ஒருவரிடம் ஆலோசனை கேட்டால், அதை ஏற்க வேண்டும், இல்லை நிராகரிக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பது, எதிரில் இருப்பவனின் சொல்லுக்கு எடையே இல்லை என்று சொல்வதுதான். பேக்கப்பை மூன்று பென்டிரைவில் நானே எடுத்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து பக்கத்தில் உட்காருகிறேன் என்றேன். “இந்த வாரம் வேணாம் சகல” என்றார். எந்த வாரம் என்று அவரும் சொல்லவில்லை, கேட்க எனக்கும் தெம்பில்லை.

கெடு வந்தால் திருந்துவார் என்று நினைத்தேன். கெடுக்களை ஏற்கெனவே பார்த்தவர்தான். ஏழுக்கான ஆதரவு நின்றது 2020 ஜனவரி 14, போகிப் பண்டிகை அன்று. வீட்டில் பழைய பாயையும் முறத்தையும் கொளுத்தினார், ஏழைத் தொடவில்லை. மாசியில் புது மிஷினே வாங்கியதால் அதோடு பத்து வந்து சேர்ந்தது. முடிவை அவர் எடுக்கவில்லை, கடைக்காரர் எடுத்தார். பத்துக்கான கெடு 2025 அக்டோபர் 14, தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால். இந்தத் தடவை தப்ப முடியாது என்று நான் பட்சணத்தோடு காத்திருந்தேன். மைக்ரோசாஃப்ட் என் முதுகில் குத்தியது. பத்திலேயே இருக்க விரும்புகிறவர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட்டுகளை இன்னும் ஒரு வருஷம், 2026 அக்டோபர் 13 வரை தருகிறோம் என்று அறிவித்தார்கள். அதற்கு மூன்று வழி வைத்தார்கள்: 30 டாலர் கட்டலாம், 1000 ரிவார்ட்ஸ் பாயிண்ட் கொடுக்கலாம், இல்லை செட்டிங்குகளை கிளவுடில் சேமித்தால் இலவசம். தள்ளிப்போடுவதற்கு மூன்று வழி! அதில் எது நல்லது என்று விசாரிக்கவே அவருக்கு ஒன்றரை மாதம் பிடித்தது.

முடித்துவைத்தது மதினி. போன வாரம் இவர் பென்ஷன்காரர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தார். மதினி கரண்ட் பில் கட்ட உட்கார்ந்திருக்கிறார். பதினொன்று தயார், போடட்டுமா, இல்லை பத்திலேயே இருக்கிறாயா என்று திரையில் வந்திருக்கிறது. “அது பாவம் எத்தனை வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கு, சரின்னு அமுக்கிட்டேன்” என்றார் என்னிடம். அமுக்கிவிட்டு மாவாட்டப் போயிருக்கிறார். இட்லிக்கு ஆட்டி, வழித்து, கிரைண்டரைக் கழுவிக் கவிழ்த்து, மாவைத் தூக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தால் பதினொன்று வந்து நின்றிருக்கிறது. எதுவும் அழியவில்லை. சங்கக் கடிதங்கள் பழைய எழுத்துருவிலேயே திறந்தன. பிரிண்டர்கூட அடித்தது.

அன்று செவ்வாயும் இல்லை. ஆனாலும் ராத்திரி பத்தே முக்காலுக்குப் போன் வந்தது.

“சகல, போட்டாச்சு.”

“நல்லா ஓடுதாண்ணே?”

“ஓடுது. ஓடாமல்லாம் இல்ல. ஆனா ஒண்ணு, புடிக்கலைன்னா பத்து நாளுக்குள்ள பழையதுக்கே திரும்பிப் போயிடலாமாமே. நீங்க என்ன சொல்றீங்க?”

இன்று எட்டாம் நாள். நோட்டில் புதுப் பக்கம் திருப்பிக் கோடு போட்டு, அப்படித் திரும்பிப் போனவர்கள் யாராவது உண்டா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். உங்களில் யாராவது போயிருந்தால், தயவுசெய்து இரண்டு நாளைக்கு வாயைத் திறக்காதீர்கள்.